ஒரே நாளில் இருநூற்று நாற்பத்தொரு பேர் கூடிய சந்து

தாராவி,
வெள்ளிக்கிழமை.

மரியாதைக்குரிய சித்தப்பா அவர்களுக்கு, மகள் இசக்கிசெல்வி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் அவரும் பிள்ளைகள் இருவரும் சுகம். நீங்களும் சித்தியும், சித்தியின் முழங்காலும் சுகமாக இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன். என்னடா, கையில் ஃபோனை வைத்துக்கொண்டு இவள் கடிதம் எழுதுகிறாளே என்று நினைக்க வேண்டாம். ஃபோனில் நீங்கள் என்னைப் பேச விடுவதில்லை. செவ்வாய்க்கிழமை கூப்பிட்டு, "தாராவியில தலை எண்ணுதாவளாமே மக்கா, தலைக்கு ஒரு வீடாமே, நானும் சித்தியும் வாறோம், பேரச் சேத்துரு" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். எண்ணியது அரசாங்கம் இல்லை சித்தப்பா. எண்ணியது என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள்.

நடந்தது இதுதான். கணக்குப் புத்தகத்தில் மக்கள்தொகையை வரைபடமாகப் போட்டு ஒப்பிடும் பாடம். புத்தகத்திலே ஏதோ நாட்டுக் கணக்கு. பிள்ளைகள் அதை அப்படியே பார்த்து வரைந்துவிட்டுக் கொட்டாவி விட்டார்கள். சரி, நாம் குடியிருக்கும் சந்தில் உள்ளவர்களையே எண்ணுவோம் என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். முப்பத்தெட்டு வீடு. தப்பு வந்தால் தெரியட்டும் என்று சனிக்கிழமை மானசா கோஷ்டியும், ஞாயிற்றுக்கிழமை பரீஹா கோஷ்டியும் தனித்தனியாக எண்ண வேண்டும் என்று ஏற்பாடு. சனிக்கிழமை நோட்டும் கையுமாகப் பிள்ளைகளைப் பார்த்த சனம், அனுமதியில்லாமல் மாடியில் ஆள் வைத்திருப்பதைப் பிடிக்க வந்திருக்கிறார்கள் என்று பயந்துவிட்டது. ஐந்தாம் நம்பர் முப்பிடாதியம்மாள், "நானும் எம்மவனும்தான் தாயீ, வேற யாரு இருக்கா?" என்றாளாம். மாடியில் பட்டறைப் பையன்கள் ஒன்பது பேர் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க, ஒருத்தன் தும்மியிருக்கிறான். "எலி" என்றாளாம். ஆக, சனிக்கிழமைக் கணக்கு நூற்று அறுபத்தொன்று.

அன்று சாயங்காலமே, புதுக் கட்டடம் வரப்போகிறது, அதற்குத்தான் ஆள் எண்ணுகிறார்கள் என்று பேச்சு கிளம்பிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை செம்பூரிலிருந்தும் வடாலாவிலிருந்தும் ஆட்டோ ஆட்டோவாகச் சொந்தபந்தம் வந்து இறங்கியது. முப்பிடாதியம்மாள் வீட்டில் மட்டும் பதினேழு பேர். பூலோகம் என்று ரிடையர் ஆன பெரியவர் ஒருவர், எட்டாம் நம்பரில் அப்பாவாகவும் பதினொன்றில் மச்சானாகவும் பதினாறில் வாடகைக்காரராகவும் சட்டையை மாற்றி மாற்றி நின்றிருக்கிறார். "அங்கிள், ஆப்கோ தோ அபி லிக்கா நா, இப்பத்தானே எழுதினோம்?" என்று பரீஹா கேட்டதற்கு, "அது எங்க அண்ணன்" என்றாராம். இன்னொரு வீட்டில் ஆறு மாதக் கர்ப்பிணி. "ரெண்டுன்னு எழுதும்மா, ரெட்டைன்னு டாக்டர் சொல்லிருக்காரு." ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு நானூற்று இரண்டு.

திங்கட்கிழமை வகுப்பில் இரண்டு நாள் கணக்கையும் வரைபடத்தில் இரண்டு கம்பங்களாக வரைந்தோம். இரண்டாவது கம்பம் தாளுக்குள் அடங்கவில்லை, மேலே இன்னொரு தாள் ஒட்டினோம். மக்கள்தொகை ஏன் கூடுகிறது என்று நான் கேட்க, பிறப்பு, இடப்பெயர்ச்சி என்று புத்தகத்தில் உள்ளதை ஒப்பித்தார்கள். பரீஹா எழுந்து, "மிஸ், ஒரே ராத்திரியிலயா?" என்றாள். அதோடு விட்டேனா? வீடுவாரியாகவும் ஒரு படம் போட வைத்து, அதைப் பள்ளிக்கூட வாசலில் மாட்டினேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் வாசலில் கூட்டம். "ஏம்மா டீச்சரு, ஏழாம் நம்பர்க்காரிக்குத் தென்னமரம் ஒசரத்துக்குக் கோடு போட்டிருக்க, நான் மட்டும் என்ன தொக்கா? இன்னும் நாலு பேர ஏத்து!" என்று முப்பிடாதியம்மாள். தலைமையாசிரியை ரஞ்சனா மேடம் என்னை ஸ்டூல் மேல் ஏற்றி, இது வெறும் பாடம், வீடு கீடு எதுவும் வராது என்று தமிழிலும் ஹிந்தியிலும் சொல்ல வைத்தார். கூட்டம் அமைதியாகக் கேட்டது. பிறகு பூலோகம் மற்றவர்களைப் பார்த்து, "வெளிய சொல்லப்படாதுன்னு மேலிடத்து உத்தரவு போலருக்கு. பாவம், டீச்சர் என்ன செய்யும்?" என்றார். எல்லாரும் என்னை இரக்கத்தோடு பார்த்துவிட்டுக் கலைந்தார்கள்.

இதெல்லாம் கூடச் சிரித்துவிட்டுப் போகலாம் சித்தப்பா. மானசாவின் நோட்டைப் பார்த்தபோதுதான் என் சிரிப்பு நின்றது. அவள் வீட்டில் ஐந்து பேர். அவளுடைய அப்பா பதினொன்று என்று மாற்றச் சொல்லி, அழித்து எழுதி, அழித்து எழுதி, தாளே ஓட்டையாகிவிட்டது. "நிஜத்த எழுதினா அப்பா அடிப்பாரு மிஸ், பொய் எழுதினா நீங்க திட்டுவீங்க. பென்சில்லயே இருக்கட்டுமா?" என்றாள். அந்தப் பிள்ளையை இந்த இக்கட்டில் மாட்டிவிட்டது நான்தானே? நீயே ஒரு வழி சொல் என்றேன். யோசித்துவிட்டு, "யாரையும் கேக்க வேணாம் மிஸ், பிரஷ்ஷ எண்ணுவோம்" என்றாள். நேற்று விடியற்காலையில் வீட்டு வாசல் டப்பாக்களில் நின்ற பல் பிரஷ்களைப் பிள்ளைகள் சத்தமில்லாமல் எண்ணிக்கொண்டு வந்தார்கள். இருநூற்று எண்பத்தேழு. பல் இல்லாதவர்களைத் தனியாகக் கூட்டிக்கொண்டோம். மூன்றாவது கம்பத்தை மானசா பேனாவால் வரைந்தாள். ரஞ்சனா மேடம் அதைப் பார்த்துவிட்டு என்மேல் எழுதவிருந்த மெமோவைக் கிழித்துப் போட்டார்.

ஆகவே சித்தப்பா, கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன். வீடும் இல்லை, கணக்கெடுப்பும் இல்லை. பத்துக்குப் பத்து அறையில் நாங்கள் நாலு பேர் திரும்பிப் படுப்பதே ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டுதான். டிக்கெட் எடுத்திருந்தால் இன்றைக்கே ரத்து செய்துவிடுங்கள். இல்லாததை இருப்பதாக எழுதுவது தப்பு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். என் சொந்தக்காரரே வரிசையில் வந்து நின்றால் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வேன்?

சித்திக்கு என் அன்பு. கேட்டவர்களுக்கெல்லாம் விசாரித்ததாகச் சொல்லவும். உங்கள் ஆசி என்றும் வேண்டும்.

இப்படிக்கு,
கீழ்ப்படிதலுள்ள மகள்,
இசக்கிசெல்வி.

பி.கு.: ஞாயிற்றுக்கிழமை பரீஹா கோஷ்டி எங்கள் வீட்டுக்கும் வந்தது. நீங்கள் கேட்பதற்கு முன்னாலேயே உங்கள் பெயரையும் சித்தி பெயரையும் ஐந்தாவது, ஆறாவதாகச் சொல்லிவிட்டேன். நிஜமாகவே யாராவது வந்து எண்ணினால் என்ன செய்வது? டிக்கெட்டை ரத்து செய்ய வேண்டாம். வரும்போது ஆதார் ஒரிஜினலைக் கொண்டுவரவும்.