தரிசு நிலத்தில் மூன்று மாடுகள்

ஒரு வருஷம் முழுக்க எந்த வேலையும் செய்வதில்லை என்று முடிவெடுத்தேன். சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். அரசாங்கமே சொல்கிறது. மண்ணுக்கு ஓய்வு வேண்டுமாம். நிலத்தை ஒரு வருஷம் தரிசாகப் போட்டால் மானியம். உழக் கூடாது, விதைக்கக் கூடாது, மாடு மேயக் கூடாது. இத்தனை நாளாக நான் எதையெல்லாம் செய்யாமலிருக்க ஆசைப்பட்டேனோ அதற்கெல்லாம் பணம் தருகிறார்கள்.

பால் கறந்துகொண்டிருந்த மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"நிலத்துக்கு ஓய்வு, சரி. உங்களுக்கு?"

"நிலமே சும்மா இருக்கும்போது நான் மட்டும் என்ன செய்யறது?"

"கொட்டகைக் கூரை ஒழுகுது. அதை மாத்துங்க."

"ஓய்வுல இருக்கறவன் கூரை ஏறக் கூடாது."

"சரிங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவள் இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

பக்கத்துத் தோட்டக்காரர் வேலியில் சாய்ந்துகொண்டு குட்டையைக் குழப்பினார்.

"மாட்டுக்கும் மானியம் உண்டே, தெரியாதா? ஆனா மாடு கொட்டகையில கிடக்கக் கூடாது. சொந்த நிலத்துல மேயணும்."

"என் நிலத்துலதான் மாடு மேயக் கூடாதே?"

"அது அந்தத் திட்டம். இது இந்தத் திட்டம்."

"நிலம் ஒண்ணுதானே?"

"நிலம் ஒண்ணு. அதிகாரி ரெண்டு."

தலை சுற்றியது. ஆனால் மூளை விழித்துக்கொண்டது. இரண்டுக்கும் எழுதிப் போட்டேன். மாட்டு அதிகாரி காலையில் வருவதாகத் தகவல் வந்தது. நில அதிகாரி மத்தியானம். நடுவில் மாடுகளை ஓட்டிவிட்டு, சாணியை அள்ளிவிட்டால் தீர்ந்தது.

அன்று காலை எங்கள் மூன்று மாடுகளையும் தரிசில் விட்டேன். மாட்டு அதிகாரி வரவில்லை. இதோ வருவார், இதோ வருவார் என்று வெயிலில் காய்ந்தேன். மத்தியானம் ஒரு ஜீப் வந்தது. பின்னாலேயே இன்னொரு ஜீப்.

நில அதிகாரி முதலில் இறங்கினார். "தரிசுல மாடு மேயுது. யாரு மாடு?"

"தெரியலைங்க. எங்கிருந்தோ வந்திருக்கு."

"அப்ப உங்க மாடு எங்க?" என்றார் பின்னால் வந்த மாட்டு அதிகாரி.

"இதுதாங்க."

"இப்பத்தான் தெரியலைன்னீங்க?" இது நில அதிகாரி.

"நீங்க கேட்டா தெரியலைங்க. இவர் கேட்டா தெரியும்."

"மேயுதா, இல்லையா?" என்றார் நில அதிகாரி.

"மேயலைங்க. சும்மா நிக்குது."

"சும்மா நின்னா என் மானியம் கிடையாது" என்றார் மாட்டு அதிகாரி.

"மேயுதுங்க. ஆனா முழுங்கலை."

என்ன சொல்கிறேன் என்று எனக்கே புரியவில்லை. அப்போது வேலிப் பக்கமிருந்து மனைவி வாயால் ஒரு சத்தம் கொடுத்தாள். மூன்று மாடும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அவளிடம் போய் நின்றன.

"மாடு இந்த அம்மாவோடதுதான்" என்றார் மாட்டு அதிகாரி. நில அதிகாரி தரிசுப் பட்டியலில் என் பெயரை அடித்தார். தரிசும் போச்சு, ஓய்வும் போச்சு. அழுகை வராத குறை.

ஜீப்புகள் போனபின் கேட்டேன். "ரெண்டு பேரும் எப்படி ஒண்ணா வந்தாங்க?"

"காலையில எனக்கு வேலை இருந்துச்சு. மாட்டு அதிகாரிக்குப் போன் பண்ணி, மத்தியானம் வாங்கன்னு சொன்னேன்."

"இப்ப மானியம்?"

"மாட்டு மானியம் எனக்கு. நிலம் தரிசுல இல்லை, இனி தாராளமா மேயலாம். வர்ற பணத்துல கூரைக்குத் தகடு வாங்கிடலாம்."

"கூரை யாரு ஏறறது?"

"அதுக்கும் ஆள் இருக்கு. மாட்டையும் கொட்டகையையும் பார்த்துக்க முழுநேரமா ஒருத்தர் வேணும்னு விதியாம். ஒரு வருஷத்துக்கு வேற வேலையே இல்லாதவர்னு போன்லயே உங்க பேரைக் குடுத்துட்டேன். அதிகாரிக்கு ரொம்ப திருப்தி."