பதினேழாம் நம்பருக்கு என்ன ரேங்க்?

"முதல் ரேங்க் பதினேழாம் நம்பரா! எனக்கு அப்பவே தெரியும்யா!" என்று மேனேஜர் மேசையைத் தட்டினார். எதிரே நின்ற புரோகிராமர் பட்டியலை எட்டிப் பார்த்தான்.

அது வாடிக்கையாளர் சேவை அலுவலகம். மணி அடித்ததும் எந்த நம்பரில் எவ்வளவு சீக்கிரம் போனை எடுக்கிறார்கள் என்று ரேங்க் போடச் சொல்லியிருந்தார் மேனேஜர். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அவன் தலையில் இது விழுந்தது. பட்டியலைக் கொடுத்த பிறகுதான் கவனித்தான். பதினேழுக்கு நேரமே பதிவாகவில்லை. காலி. அந்தக் காலியைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்ட புரோகிராம், மணி அடிக்கும் முன்பே போனை எடுத்த மகராசன் என்று பதினேழைத் தலைமேல் தூக்கி வைத்துவிட்டது.

"இன்டர்வியூல நான்தான் செலக்ட் பண்ணேன். என்ன பணிவு, என்ன பேச்சு! இவரைத்தான் சூப்பர்வைசர் ஆக்கப்போறேன்."

"சார், பூஜ்யம் வேற, இல்லாதது வேற. அதுல ஒரு சின்னத் தப்பு..."

"தப்புன்னா திருத்துய்யா!"

காலியாக இருப்பதைக் கடைசியில் போடு என்று மாற்றினான். பதினேழு தொப்பென்று கடைசியில் போய் விழுந்தது.

மேனேஜர் முகம் சிவந்தது. "நினைச்சேன்! இன்டர்வியூலயே திருட்டு முழி. இன்னிக்கே சீட்டைக் கிழிச்சிட வேண்டியதுதான்!"

புரோகிராமருக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. தான் எழுதிய ஒரே வரியால் யார் வீட்டு அடுப்பிலோ பூனை தூங்கப்போகிறது! நகத்தைக் கடித்து, நகம் தீர்ந்து விரலையும் கடித்துக்கொண்டு, காலி இடத்தில் எல்லோருடைய சராசரியையும் நிரப்பினான். பதினேழு நட்டநடுவில் ஏறி உட்கார்ந்தது.

"காலையில தலை, மத்தியானம் வால், இப்ப இடுப்பா?" மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். "உண்மையைச் சொல்லு தம்பி. பதினேழு உன் மச்சானா?"

"ஐயோ, அவர் யாருன்னே எனக்குத் தெரியாது சார்!"

அதற்குள் விஷயம் கேள்விப்பட்டு ஊழியர் சங்கத் தலைவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "பதினேழு மேல கை வெச்சீங்க, அத்தனை பேரும் போனைக் கீழ வெச்சிடுவோம். தங்கமான மனுஷன்! நான் காய்ச்சல்ல படுத்தப்போ என் வேலையையும் சேர்த்துப் பார்த்தவர்."

"கொஞ்சம் முன்கோபி. ஆனா மனசு வெள்ளை," என்றார் பின்னால் வந்த கணக்கர்.

கடைசி முயற்சியாக, நேரம் பதிவாகாதவருக்கு ரேங்க்கே வேண்டாம் என்று வெறுமனே விட்டான் புரோகிராமர். அது இன்னும் மோசமாகப் போயிற்று.

"ரேங்க்கே கிடையாதா?" மேனேஜர் நாற்காலியை விட்டு எழுந்தார். "அப்படின்னா... நம்மளை வேவு பார்க்க ஹெட் ஆபீஸ் அனுப்பின ஆள்! தெரியாத்தனமா டிஸ்மிஸ் பண்ணப் பார்த்தேனே! வாங்கய்யா, போய்க் கால்ல விழுந்தாவது சமாதானம் பண்ணுவோம்!"

டையைச் சரிசெய்துகொண்டு மேனேஜர் முன்னால் ஓட, சங்கத் தலைவரும் கணக்கரும் பின்னால் ஓடினார்கள். தானும் ஒரு மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று புரோகிராமரும் ஓடினான். அறை அறையாகத் தேடியும் ஆளைக் காணோம். மூச்சிரைக்க வரவேற்பறையில் போய் நின்றார்கள்.

"ஏம்மா, பதினேழாம் நம்பர்ல இருக்காரே, அவர் சீட் எங்கே?" என்றார் மேனேஜர், கைகளைக் கூப்பியபடியே.

போன் ஆபரேட்டர் அக்கா நால்வரையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"பதினேழா? அது லிஃப்ட்டுக்குள்ள மாட்டியிருக்கிற எமர்ஜென்சி போன் சார்."