மலர்விழி அக்கா உயிரோடுதான் இருக்கிறா

நான் ஒரு ஆளைக் கொன்றவள். ஒளித்து மறைத்தும் செய்யவில்லை. இரண்டு ஸ்பீக்கர் கட்டிய ஓட்டோவில் ஏறி, ஓர்ஸ் ஹில்லில் தொடங்கி சல்லி வரைக்கும் மைக்கில் சொல்லிச் சொல்லிக் கொன்றேன். கொல்லப்பட்டவ இப்போதும் எனக்கு அடிக்கடி கோல் எடுக்கிறா.

எல்லாம் மரியாதையால் வந்த வினை. மரியாதை குறைந்து அவமானப்பட்ட ஆட்களைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். மரியாதை கூடிப்போய் ஒரு ஆள் பிரேதமானது எனக்குத் தெரிந்து எங்கள் ஊரில்தான்.

அப்போது எனக்கு இருபத்திமூன்று வயது. கம்பஸ் முடித்து வீட்டுக்கு வந்து, வேலை கிடைக்குமட்டும் ஊரைத் திருத்துவோம் என்றிருந்த காலம். நாடகப் பைத்தியங்கள் சிலபேர் சேர்ந்து, கொழும்பிலிருந்து ஒரு குழுவைக் கூப்பிட்டிருந்தோம். குழு என்றால் இரண்டே பேர். மலர்விழி அக்கா திருநங்கை, முப்பத்தாறு வயது, சிரிப்பு நாடகத்தில் புலி. கதிர் மேளமும் அடித்து, மிச்சப் பாத்திரம் எல்லாவற்றையும் தனியே நடிக்கிறவர். தன்னை ஆணென்றோ பெண்ணென்றோ சொல்லாதவர். (எழுதும்போது ‘அவர்’ போடு, கதைக்கும்போது ‘கதிர்’ என்று கூப்பிடு என்று எனக்குச் சொன்னதும் அவர்தான்.)

மைக் பொறுப்பை என்னிடம் தந்தார்கள். திறமைக்காக இல்லை. தராவிட்டாலும் நான் கதைப்பேன் என்று நண்பர்களுக்குத் தெரியும்.

அன்றே ஆராய்ச்சியைத் தொடங்கினேன். கட்டுரை வாசித்தேன், வீடியோ பார்த்தேன், கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகினேன். பிறகு மலர்விழி அக்காவுக்கு வரிசையாக வொயிஸ் மெசேஜ். அக்கா என்று கூப்பிடலாமா? கலைஞர் என்பதா, நடிகை என்பதா? திருநங்கை என்று மைக்கில் சொல்வதா, விடுவதா? எங்கள் ஊர்ப் பேச்சில் ‘வந்தவர்’ என்றால் ஆண்பிள்ளை மாதிரிக் கேட்குமே, கதிருக்கு என்ன செய்வது?

பொறுக்க ஏலாமல் அக்காவே கோல் எடுத்தா.

“தங்கச்சி, நான் ஆள். பாடத்திட்டம் இல்லை.”

“பிழை விட்டிடுவனோ எண்டு பயமாக் கிடக்கு அக்கா.”

“விட்டாத் திருத்துவன். என்னை அக்கா எண்டு சொல்லும், கதிரைக் கதிர் எண்டு சொல்லும். முடிஞ்சுது. எனக்கு ஒண்டு மட்டும் செய்வீரோ? ஓட்டோ சல்லிக்குள்ளயும் போகோணும். என்ர பேரைச் சரியாச் சொல்லோணும்.”

சல்லி அக்கா பிறந்த ஊர். வீட்டை விட்டுப் போன பிறகு அந்தப் பக்கம் கால் வைத்ததில்லை. அங்கே சுதன் என்று ஒரு தம்பி. உள்துறைமுக ஜெட்டியில் வேலை. இரண்டு பேருக்கும் சண்டை என்று சொல்லவும் ஏலாது. உனக்குக் கூடப்பிறந்தவர்கள் இருக்கிறார்களா என்று யாரும் கேட்டால், “கொழும்பில ஒராள் இருக்கு” என்பானாம். அவ்வளவுதான் அக்காவுக்கு அந்த வீட்டில் மிஞ்சியிருந்த இடம்.

“யாழ்ப்பாணத்தில ஆடிட்டன், மட்டக்களப்பில ஆடிட்டன். இங்கதான் ஆடேல்ல. அண்டைக்கு மண்டபம் காலியாக் கிடந்துதெண்டால், நான் பிறகு இந்தப் பக்கம் வரமாட்டன், தங்கச்சி.” சிரித்துக்கொண்டுதான் சொன்னா. கடைசியாக ஆடின ஊரில், மைக் பிடித்த பொடியன் அக்காவின் பேரைச் சொல்லும்போதே வாயைப் பொத்திச் சிரித்தானாம். பின்னுக்கிருந்து விசில் வேறு.

அதைக் கேட்டதும் எனக்குச் சூடேறிவிட்டது. என் ஊரில் ஒருவரும் சிரிக்கக் கூடாது என்று முடிவெடுத்தேன். (நடக்கப்போவது சிரிப்பு நாடகம் என்பது அந்த வேகத்தில் மறந்து போனது.)

மண்டபத்து ஒழுங்கையில் கலர்க்கொடி கட்ட வந்த நண்பர்களை மறித்தேன். சர்க்கஸ் மாதிரி இருக்கும், கண்ணியமாக வெள்ளைக்கொடி கட்டுங்கோ என்றேன். ஆளை ஆள் பார்த்தாங்கள்.

“வெள்ளையோடி?”

“ஓம். அதுதான் வடிவு.”

நான் வாதாடத் தொடங்கினால் பொழுது பட்டுவிடும் என்று தெரிந்தவர்கள். கட்டிவிட்டுப் போனார்கள்.

அடுத்தது நிசாம் நானாவின் ஓட்டோ. லொத்தர், மின்வெட்டு, செத்தவீடு, எல்லா அறிவித்தலும் அதில்தான் போகும். நாடகம் என்றால் இடைக்கிடை சினிமாப் பாட்டு. நானா ஒரு குத்துப்பாட்டை ஆயத்தமாக வைத்திருந்தார்.

“பாட்டு வேண்டாம் நானா. நாங்க மரியாதையாச் சொல்லப் போறம்.”

“அப்ப என்னத்தைப் போடுற?”

“மெல்லிசா ஒரு வாத்தியம்.”

நானா என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் பென்டிரைவை மாற்றினார். நாதஸ்வரம் இழுத்து இழுத்து அழுதது. நல்ல ரசனையுள்ள மனுசன் என்று நினைத்தேன்.

நான் தொண்டையைச் செருமி, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தித் தொடங்கினேன்.

“சல்லியைப் பிறப்பிடமாகவும் கொழும்பை வசிப்பிடமாகவும் கொண்டவரும், தன் வாழ்வைக் கலைக்கே அர்ப்பணித்தவரும், எங்கள் மண்ணின் அருமை மகளுமாகிய, பெருமதிப்புக்குரிய மலர்விழி அவர்கள்... நாளை மாலை நான்கு மணிக்கு நகர மண்டபத்தில்... உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரையும்...”

ஒரு ஆளைப் பற்றி முழு மரியாதையோடு சொல்ல வேண்டும் என்று நினைத்தவுடன் இந்தத் தமிழ் தானாக வாயில் வந்து நின்றது. எந்த இடத்தில் கேட்டுக் கேட்டு அது எனக்குள் ஊறியது என்று நான் யோசிக்கவில்லை. நானாவுக்கும் ஒரு பழக்கம்: ‘அனைவரையும்’ என்ற இடம் வந்தால் அறிவித்தல் முடிந்தது என்று நாதஸ்வரத்தைக் கூட்டிவிடுவார். அதற்குப் பிறகு நான் சொன்ன “சிரித்து மகிழ வாருங்கள்” ஒரு தெருவிலும் வெளியே கேட்கவில்லை. ஸ்பீக்கர் மேலே, நான் உள்ளே, எனக்கு எப்படித் தெரியும்?

எனக்குத் தெரிந்ததெல்லாம் ஊர் நின்று கேட்டது. சைக்கிளில் போனவர் இறங்கி நின்றார். தொப்பி போட்டவர் கழற்றினார். சந்தையடியில் ஒரு கடைக்காரர் ரேடியோவை நிற்பாட்டினார். எங்கள் வீட்டு வாசலால் போனபோது அப்பா கதிரையை விட்டு எழும்பியே நின்றார். ஒரு திருநங்கைக் கலைஞருக்கு இப்படி ஒரு மரியாதையா! கொழும்புக்காரர் வந்து எங்களிடம் படிக்க வேண்டும் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சல்லிக்குத் திரும்பும் வழியில் நானா மெதுவாகக் கேட்டார்.

“என்ன வயசு?”

“முப்பத்தாறு.”

“சின்ன வயசு.”

“ஓம் நானா. இந்த வயசுக்குள்ள எவ்வளவு செய்திட்டா.”

“புள்ளைகள்?”

“இல்லை. கலையே வாழ்க்கை எண்டு இருந்திட்டா.”

நானா தலையை ஆட்டினார். பிறகு சல்லி முடியுமட்டும் ஒரு வெற்றிலைகூடப் போடவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் அக்காவும் கதிரும் வந்து இறங்கினார்கள். ஒழுங்கையைப் பார்த்துக் கதிர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“இங்க ஆரோ காலமாயிட்டினம் போல.”

“இல்லைக் கதிர். கொடி உங்களுக்குத்தான்.”

கதிர் கொடியை ஒருதரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, மேளத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். அக்கா மட்டும் “வடிவாக் கிடக்கு” என்றா. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

நாலு மணிக்கு முன்னமே சனம் வரத் தொடங்கியது. வெள்ளைச் சேலை, வெள்ளை வேட்டி. ஒருவரும் சத்தம் போடவில்லை. பிள்ளைகளைக்கூட அதட்டி இருத்தினார்கள். ஆண்கள் பலர் வெளியே கதிரைகளை இழுத்துப் போட்டு, பேப்பரை விரித்துக்கொண்டு இருந்தார்கள். நான் வாசலில் நின்று கும்பிட்டேன். அவர்கள் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு உள்ளே போனார்கள். பெரிய மாமி ஒருவர் முன்வரிசையில் இருந்து என்னைக் கிட்டக் கூப்பிட்டா.

“எங்க பிள்ளை வச்சிருக்கினம்?”

“அக்காவையோ? உள்ளுக்க, மேக்கப் போடினம்.”

மாமி கண்ணைத் துடைத்தா. “வடிவாப் போடச் சொல்லுங்கோ. கடைசியாப் பாக்கிற முகம்.”

ஒன்று இடித்தது. ஆனால் யோசிப்பதற்குள் மீன்பிடிச் சங்கத்து ஆட்கள் இரண்டு பேர் ஒரு மலர்வளையத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நடுவில் பெரிய எழுத்தில் ‘மலர்விழி’. அவர்களுக்குப் பின்னால் வெள்ளை வேட்டியோடு அப்பா.

“அறிஞ்சு வந்தனான் மோனை. நாடகம் வைக்க இருந்த நேரத்தில பார், இப்பிடி நடந்திட்டுது. எப்ப எடுக்கினம்?”

“எதை அப்பா?”

“உடம்பை.”

எனக்குள் ஒரு பென்டிரைவ் மாறியது. பிறப்பிடமாகவும். வசிப்பிடமாகவும். உற்றார், உறவினர். நாதஸ்வரம். ஒழுங்கை முழுக்க வெள்ளைக்கொடி. ஒன்று விடாமல் செத்தவீட்டு முறை. சைக்கிளில் இருந்து இறங்கின அந்த நல்ல மனிதர்.

உள்ளே ஓடினேன். அக்கா ஒரு கண்ணுக்கு மை போட்டபடி இருந்தா. சொல்லி முடிக்க எனக்கு மூச்சு இல்லை. கதிர் மேளத்தின் மேல் கவிழ்ந்து படுத்துவிட்டார். அழுகிறாரோ என்று பார்த்தேன், முதுகு குலுங்கின விதத்தில் அது சிரிப்பு. அக்கா சிரிக்கவில்லை. கண்மைக் குச்சியைக் கீழே வைத்தா.

“எத்தினை பேர்?”

“மண்டபம் நிறைஞ்சிட்டுது அக்கா. வெளியிலயும் நிக்கினம்.”

“சல்லியில இருந்தும் வந்திருக்கினமோ?”

அக்கா என் தோளுக்கு மேலால் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தா. அங்கே ஜெட்டி யூனிஃபோமோடு ஒருவன் நின்றான். கழற்றிய சப்பாத்தைக் கையில் வைத்திருந்தான். பிரேதத்தைப் பார்க்க வந்தவன், பிரேதம் கதிரையில் இருந்து அரைக் கண் மையோடு திரும்பிப் பார்த்தால் என்ன செய்வான்? ஒன்றும் செய்யவில்லை. சப்பாத்துத்தான் விழுந்தது.

“சுதன்,” என்றா அக்கா.

“செத்திட்டாய் எண்டாங்கள்.”

“சொன்னது இந்தப் பிள்ளைதான். எனக்கும் இப்பதான் தெரியும்.”

அவன் என்னைப் பார்த்த பார்வையில் அடுத்த மலர்வளையம் எனக்குத்தான் என்று விளங்கியது. பிறகு சுவரில் சாய்ந்துகொண்டு, ஏதோ கணக்குப் பிழைத்தவன் மாதிரிச் சொன்னான்.

“மூண்டு நாள் லீவு போட்டிட்டு வந்தனான். செத்தவீட்டு லீவு. சுப்பர்வைசர் ஆர் செத்தது எண்டு கேட்டவர்.”

“என்ன சொன்னனி? கொழும்பில ஒராள் எண்டோ?”

“ஒராள் எண்டா லீவு தருவாங்களோ?” அவன் நிலத்தைப் பார்த்தான். “அக்கா எண்டு சொன்னன். அக்கா செத்திட்டா எண்டு.”

“அவருக்கு மட்டுமோ?”

“ஜெட்டி முழுக்க. எல்லாரும் கையைப் பிடிச்சவங்கள். வெளியில நிக்கிறாங்கள், பார்.”

கதிரின் சிரிப்பு நின்றிருந்தது. அக்கா மற்றக் கண்ணுக்கு மை போடத் தொடங்கினா. “இப்ப என்னடா செய்யப் போறாய்?”

“தெரியேல்ல. நீ உயிரோட இருந்தா என்ர வேலைக்குத்தான் பிரச்சினை.”

“அப்ப மூண்டு நாளும் என்னோட நில். லீவை வீணாக்காத.” பிறகு என்னிடம் கையை நீட்டினா. “மைக்கைத் தாரும். நீர் கதைச்சது போதும்.”

அக்கா மேடைக்கு நடந்து வந்தா.

“வணக்கம். நான்தான் மலர்விழி. சல்லிதான் ஊர். உங்களிட்ட மன்னிப்புக் கேக்கோணும், நான் சாகேல்ல.”

முன்வரிசை மாமி பக்கத்திலிருந்தவவிடம் திரும்பிச் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. “வடிவாத்தான் மேக்கப் போட்டிருக்கினம்.”

அதோடு வெடித்தது சிரிப்பு. பேரைக் கேட்டுச் சிரிக்கிற சிரிப்பு இல்லை அது. சிலர் எழும்பிப் போனார்கள். செத்த மலர்விழிக்கு அழ வந்தவர்களுக்கு உயிரோடு இருக்கிற மலர்விழியோடு சிரிக்க மனம் வரவில்லை. மற்றவர்கள் இருந்தார்கள். சங்கத்து ஆட்கள் மலர்வளையத்தை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்திருக்க, கதிர் இறங்கி வந்து அதை வாங்கித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு முழு நாடகத்தையும் ஆடினார். வெள்ளைச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திப் பொத்திச் சனம் சிரித்தது. கடைசியில் அக்கா சொன்னா: “அடுத்தமுறை வரேக்க கலர்ச்சேலை கட்டிக்கொண்டு வாங்கோ. இவ்வளவு மரியாதைக்கு நான் சாகத் தேவையில்லை எண்டு நினைக்கிறன்.”

இது நடந்து சில வருசம் ஆகிறது. நிசாம் நானா இப்போது என்னைக் கண்டால் முதல் கேட்பது, “ஆள் மூச்சு விடுதா?” வீட்டில் நான் யாரையும் புகழத் தொடங்கினால், அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து, “எப்ப எடுக்கினம்?” என்பார். மலர்விழி அக்கா கோல் எடுத்தால், “பிரேதம் கதைக்கிறன்” என்றுதான் தொடங்குவா. கதிரின் வீட்டுச் சுவரில் அந்த மலர்வளையத்தின் வெறும் வளையம் இன்னும் தொங்குகிறது. பூக்கள் எப்போதோ உதிர்ந்துவிட்டன, பேர் மட்டும் இருக்கிறது.

சுதனுடைய ஜெட்டியில்தான் கதை இன்னும் முடியவில்லை. அக்கா ஊருக்கு வரும்போதெல்லாம் அவன் லீவு கேட்கப் போவான். சுப்பர்வைசர் பேனையைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்பார்.

“எந்த அக்கா? செத்த அக்காவோ, இருக்கிற அக்காவோ?”

சுதன் ஒவ்வொருதரமும் ஒரே பதில்தான் சொல்வானாம்.

“எனக்கு ஒரு அக்காதான், சேர்.”