சாணி சாரும் கீழத்தெரு இன்ஜினும்

தஞ்சாவூர் ஜில்லா முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், பசுமாடு பால் கொடுப்பதை ஒரு துணைத்தொழிலாக மட்டுமே கருதிய மனிதர் ஒருவர்தான் கிடைப்பார். அவர் எங்கள் சாணி சார்.

மன்னார்குடிக்குக் கிழக்கே ஓர் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் அப்போது நான் டைப்பிஸ்ட். வீட்டுக்கு வீடு சாண எரிவாயுக் கலன் கட்டச் சொல்லிப் பிரசாரம் செய்வதற்கென்று அவரை அங்கே போட்டிருந்தார்கள். சம்பளப் பட்டியலில் அவருக்கு அழகான பெயர் ஒன்று உண்டு. அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்துக்கொண்டு வந்த அவருடைய மைத்துனரையே, "அப்படி யாரும் இங்க இல்லீங்களே" என்று பியூன் திருப்பி அனுப்பிவிட்டார்.

ஆள் பார்வைக்கு ஏதோ கல்யாணத்துக்குக் கிளம்பியவர் மாதிரி இருப்பார். வெள்ளை வெளேரென்ற சட்டை, மடிப்புக் கலையாத வேட்டி, பக்கத்தில் வந்தால் சந்தனப் பவுடர் வாசனை. கையில் மட்டும் மூடி போட்ட ஒரு வாளி. அதற்குள் என்ன என்று கேட்டுவிட்டு வருத்தப்படாதவர் யாரும் இல்லை.

எங்கள் கணக்கர் தன் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம் வைத்திருந்தார். சாணி சார் நேராக மாப்பிள்ளையின் அப்பாவிடம் போய் உட்கார்ந்தார்.

"வீட்டுல மொத்தம் எத்தனைங்க?"

"ரெண்டு பையன், ஒரு பொண்ணுங்க."

"அட, நான் மாட்டைக் கேட்டேங்க."

சம்பந்தி முகம் சுருங்கிவிட்டது. கணக்கர் அதற்குப் பிறகு மூன்று மாதம் சாணி சாருடன் பேசவில்லை. ஆனால் சம்பந்தி வீட்டில் ஆறு மாடு இருப்பது தெரிந்து, மறுவாரமே சாணி சார் அங்கே குழி தோண்ட இடம் பார்த்துவிட்டு வந்தார்.

அலுவலகத்தில் என் மேஜைதான் அவருக்குப் பிரசங்க மேடை.

"இந்தப் பெட்ரோல், டீசல், நிலக்கரி எல்லாம் என்னம்மா? என்னிக்கோ செத்துப்போன மரம், செடி, பூச்சி. கோடி வருஷம் பூமிக்குள்ள புதைஞ்சு கெடந்தது. எடுத்து எரிச்சா தீந்துபோச்சு. மறுபடி வேணும்னா இன்னொரு கோடி வருஷம் காத்துக் கெடக்கணும். மாடு அப்படியா? நாளைக்குக் காலையில போய்ப் பாருங்க!"

"பாக்கறேன் சார்" என்று சொல்லிவிட்டு நான் மிஷினைத் தட்டத் தொடங்குவேன். அவர் விடமாட்டார். வெயில், காற்று, ஓடுகிற தண்ணீர் எல்லாம் மாட்டின் உறவுக்காரர்கள் என்பார். அவையும் எடுக்க எடுக்கத் திரும்ப வருமாம்.

ஊருக்குள் அவருடைய பெரிய எதிரிகள் அடுப்பங்கரைப் பெண்கள். சாணியிலிருந்து வரும் வாயுவில் சாதம் வடித்தால் சாதம் நாறும் என்று ஒருவர் சொன்னார். சாமிக்கு அதை எப்படிப் படைப்பது என்று இன்னொருவர் கேட்டார். சாணி சார் பொறுமையாகக் கேட்பார், "வரட்டி தட்டிப் பொங்கல் வச்சீங்களே, சாமி வேண்டாம்னு சொல்லிச்சா? அதே சாணிதாங்க. நடுவுல புகையை மட்டும் எடுத்துட்டோம்." கேட்டுச் சிரிப்பார்கள். அடுப்பு மட்டும் மாறாது.

கடைசியில் அவரால் கட்ட முடிந்த பெரிய கலன் ஒன்றே ஒன்று. எங்கள் அலுவலகத்துக்குக் கூப்பிடு தூரத்தில், விவசாயக் கூலிகள் குடியிருந்த கீழத்தெருவின் ஓரத்தில், பால்வாடி அடுப்புக்காகக் கட்டினார். வட்டக் கிணறு மாதிரி ஒரு குழி. சாணியும் தண்ணீரும் கரைத்து அதில் ஊற்ற வேண்டும். குழியின் வாயில் ஒரு பெரிய இரும்பு டிரம் கவிழ்ந்து மிதக்கும். உள்ளே வாயு சேரச் சேர டிரம் மேலே எழும்பும்.

டிரம் முதல் தடவை எழும்பியபோது, குண்டு வெடிக்கப் போகிறது என்று தெருவே காலியாகிவிட்டது. சாணி சார் பால்வாடியிலிருந்து ஒரு நாற்காலியைக் கொண்டுவரச் சொன்னார். டிரம்மின் மேல் போட்டு ஏறி உட்கார்ந்து பேப்பர் படிக்கத் தொடங்கினார். காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தவர் மத்தியானம் பார்த்தால் ஒரு சாண் உயரத்தில் இருந்தார். ஒரு பெரியவர் அண்ணாந்து பார்த்து, "சார் பதவி உயர்வு வாங்கிட்டாருடா" என்றார். அன்றோடு பயம் போயிற்று.

அந்தக் கீழத்தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோட்டையில் ஆட்சி மாறிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. எங்கள் ஊரில் மட்டும் பெரிய பண்ணை வைத்ததே சட்டம். கூலி கேட்டுச் சண்டை, செங்கொடி, போலீஸ், வழக்கு என்று இழுபறியாகி, கடைசியில் உச்சவரம்புக்கு மேல் இருந்த பண்ணை நிலத்திலிருந்து கொஞ்சம் எடுத்துக் கீழத்தெருவில் பன்னிரண்டு குடும்பங்களுக்குப் பட்டா கொடுத்தார்கள். பரம்பரையாக அடுத்தவன் வயலில் நாற்று நட்டவர்கள், முதல் தடவையாகத் தங்கள் வயலுக்கென்று நாற்றங்கால் விட்டார்கள். நடவுப் பெண்களின் தலைவி மாரியம்மாள் தினம் இரண்டு வேளை அதைப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

பண்ணையின் காரியஸ்தருக்கு அது பொறுக்கவில்லை. நிலத்தை நிறுத்த முடியாதவர் சாணியை நிறுத்தப் பார்த்தார். பண்ணைக்குச் சொந்தமான சாணத்தைக் கீழத்தெருப் பெண்கள் கலனுக்காக அனுமதியின்றி அள்ளுகிறார்கள் என்று எங்கள் ஆணையரிடம் புகார் கொடுத்தார். இரு தரப்பையும் கூப்பிட்டு விசாரணை நடந்தது. குறிப்பெடுக்க நான் உட்கார்ந்திருந்தேன்.

"மாடு எங்களுது. சாணியும் எங்களுதுதானுங்க" என்றார் காரியஸ்தர்.

சாணி சார் எழுந்தார். "சரிங்க. மாடு மேஞ்ச புல்லு யாருது?"

"அது... புறம்போக்குப் புல்லு."

"குடிச்ச தண்ணி?"

"ஊர்க் கொளம்."

"புல்லும் சர்க்காருது, தண்ணியும் சர்க்காருது. நடுவுல மாடு வெறும் மிஷின்தானுங்களே?"

ஆணையர் ஒரு ஃபைலைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். ஃபைல் குலுங்கியது. புறம்போக்கில் விழுந்தது அள்ளியவருக்கே சொந்தம் என்று தீர்ப்பு. வெளியே வந்த மாரியம்மாள், "நெலத்துக்குப் பட்டா வாங்க நாங்க ஆறு வருஷம் அலைஞ்சோம். சாணிக்கு ஒரு மணி நேரத்துல வாங்கிட்டீங்களே சார்!" என்றார்.

அந்த வருஷம்தான் டீசல் தட்டுப்பாடு வந்தது. மேட்டூரைத் திறந்துவிட்டும் எங்கள் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரவில்லை. கீழத்தெருக்காரர்களிடம் ஒரு குழாய்க் கிணறும், அதில் இறைக்க ஒரு பழைய டீசல் இன்ஜினும் இருந்தன. பங்க்கில் போய்க் கேட்டால் 'ஸ்டாக் இல்லை' பலகை. பக்கத்து வயலில் பண்ணையின் மின்சார மோட்டார் வஞ்சனையில்லாமல் கொட்டிக்கொண்டிருந்தது. மாரியம்மாள் போய்க் கேட்டார். "பட்டா குடுத்தவங்ககிட்டயே தண்ணியும் கேளு" என்றார் காரியஸ்தர்.

நாற்றின் நுனி மஞ்சள் தட்டிவிட்டது. மாரியம்மாள் அலுவலக வாசலில் வந்து நின்றார். அழவில்லை. "இன்னும் ரெண்டு நாள் தாங்கும் சார். அப்புறம் ஒண்ணுமில்ல" என்றார். சாணி சார், நான் பார்த்து முதல் தடவையாக, வாளியைக் கீழே வைத்தார்.

"இன்ஜின்ல எவ்வளவு டீசல் கெடக்கு?"

"அடியில மூணு லிட்டர் இருக்கும்."

"போதும். அதைப் பத்தவைக்கிற நெருப்புக்கு மட்டும் வச்சுக்குவோம். பலத்தைச் சாணி குடுக்கட்டும்."

பால்வாடி ஆயா, தான் விறகில் சமைத்துக்கொள்வதாகச் சொல்லி வாயுவை விட்டுக்கொடுத்தார். கலனிலிருந்து இன்ஜின் வரைக்கும் ரப்பர் குழாய் போட்டு, இன்ஜின் காற்று இழுக்கும் வாயில் செருகினார்கள். சாப்பாட்டு வேளையில் எங்கள் அலுவலகமே வேடிக்கை பார்க்கப் போய்விட்டது. வரப்பில் காரியஸ்தரும் குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

டீசலில் இன்ஜின் கிளம்பியது. சாணி சார் வாயுவைத் திறந்தார். இன்ஜின் இரண்டு தடவை விக்கி, ஒரு தடவை இருமி, நின்றுவிட்டது. மறுபடி கிளப்பினார்கள். மறுபடி நின்றது.

"மாட்டுக்குச் சளி புடிச்சிருக்கு போல" என்றார் காரியஸ்தர். கீழத்தெருக்காரர் ஒருவரும் சிரிக்கவில்லை. மாரியம்மாள் நாற்றங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாணி சார் குழாயை ஒரு முனையிலிருந்து தடவிக்கொண்டே வந்தார். நடுவில் தொய்ந்திருந்த இடத்தில் நின்றார். உள்ளே ஈரம் வடிந்து தேங்கி, வாயுவின் வழியை அடைத்திருந்தது. "குழாயைக் கழட்டுங்க!" என்று கத்திவிட்டு, சகதியில் இறங்கி, சேறு வழியும் குழாயை அந்த வெள்ளைச் சட்டையோடு தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார். மலைப்பாம்பைச் சுமப்பது போல இருந்தது. அவர் நடக்க நடக்கத் தண்ணீர் மறுமுனையில் கொட்டியது. தொய்வு விழாமல் இருக்கப் பெண்கள் வரிசையாக நின்று குழாயைத் தோளில் தாங்கினார்கள்.

மூன்றாம் முறை கிளப்பினார்கள். வாயு போகப் போக, டீசல் தானாகக் குறைந்தது. இன்ஜின் நிற்கவில்லை. சத்தம்கூட முன்னைவிட மெதுவாக, சாந்தமாக வந்தது. குழாய்க் கிணற்றிலிருந்து தண்ணீர் பொங்கி வாய்க்காலில் ஓடி நாற்றங்காலுக்குள் நுழைந்தபோது எழுந்த குலவைச் சத்தத்தில், ஆணையர் தன் உத்தியோகத்தை மறந்து கைதட்டினார். நானும் தட்டினேன். கை வலித்தது.

தினம் இரண்டு மணி நேரம் ஓடியது. டிரம் இறங்கும், மறுநாள் எழும்பும், மறுபடி தண்ணீர். நாற்று கறுகறுவென்று பச்சை பிடித்தது.

நான்காம் நாள் மின்வெட்டு. பண்ணை மோட்டார் ஊமையாகிவிட்டது. இரண்டு நாள், மூன்று நாள் ஆகியும் கரண்ட் வரவில்லை. பண்ணை நாற்றங்கால் வெடிக்கத் தொடங்கியது. அதுவரை "ஏய் மாரி" என்றே கூப்பிட்டுப் பழகிய காரியஸ்தர், அன்று கீழத்தெருவுக்குள் நடந்தே வந்து, "மாரியம்மா, கொஞ்சம் தண்ணி விடுங்களேன்" என்றார். அந்த 'ங்க' தெரு முழுக்கக் கேட்டது.

"காயட்டும் விடுங்க" என்று சில குரல்கள். மாரியம்மாள் கையைக் காட்டி அடக்கினார். "நாத்து என்னப்பா பண்ணுச்சு? அதை நடப்போறதும் நாமதானே." பிறகு காரியஸ்தரைப் பார்த்து, "சாணியக் கொண்டாரச் சொல்லுங்க. தண்ணி விடுறோம்" என்றார்.

மறுநாள் காலை பண்ணையின் மாட்டுவண்டி, தளும்பத் தளும்பச் சாணியோடு, கீழத்தெருவின் நடுவே வந்து நின்றது. தெருவே வாசலில் நின்று தலைநிமிர்ந்து பார்த்தது. சாணி சார் ஒருவருக்கு மட்டும் அந்தச் சரித்திரம் எதுவும் கண்ணில் படவில்லை. வண்டிக்குள் எட்டிப் பார்த்து, "அருமையான சரக்குங்க. பண்ணையில புண்ணாக்கு நல்லாப் போடுறாங்க" என்றார்.

அந்த வருஷம் பன்னிரண்டு குடும்பத்தாரும் தங்கள் சொந்த நெல்லை அறுத்தார்கள்.

பொங்கல் கழிந்து அவருக்கு மாற்றல் வந்தது. ராமநாதபுரம் பக்கம் காற்றில் ஓடும் பம்பு போட்டுப் பார்க்கப் போகிறார்களாம். அவருக்கு ஒரே சந்தோஷம். "காத்துக்குத் தீவனம்கூட வேண்டாம்மா!" என்று குதித்துக்கொண்டு போனார்.

அவரை விடுவிக்கும் உத்தரவை அடித்தவள் நான்தான். பதினொரு வருஷ உத்தியோகத்தில் ஒரே பக்கத்தை நாலு தடவை கிழித்துப்போட்டு மறுபடி அடித்தது அன்று மட்டும்தான். எழுத்தெல்லாம் மங்கலாகத் தெரிகிறதே என்று மிஷினைக் குறை சொன்னேன். ரிப்பன் அன்று காலைதான் புதிதாக மாற்றியிருந்தது.