காடை பாவாயி முயலை விற்ற கதை

ஒரு காட்டில் ஒரு சந்தை கூடியது. காட்டில் ஏது சந்தை என்று கேட்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். மற்றவர்கள் சற்று நெருங்கி உட்காருங்கள்.

செவ்வாய்க்கிழமைதோறும் ஓடைக்கரை இலுப்பை மரங்களுக்குக் கீழே அந்தச் சந்தை கூடும். கரடி தேனடை கொண்டுவரும், அணில் கொட்டைகளைக் குவித்து வைக்கும். காசு புழங்காத காடு அது. பொருளுக்குப் பொருள்தான் மாற்று. சந்தைக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது: எல்லைக் கல்லுக்கு உள்ளே யாரும் யாரையும் தின்னக் கூடாது. கல்லைத் தாண்டிவிட்டால் அவரவர் கால், அவரவர் பாடு. அதனால் சிறுத்தைகூட ஆட்டுக்குப் பின்னால் பொறுமையாக நின்று வயிற்று வலிக்கு ஓமம் வாங்கிக்கொண்டு போகும்.

காடை பாவாயி அங்கே தினையும் சாமையும் விற்றாள். உள்ளங்கை அளவு உடம்பு, சந்தை அளவு வாய். அவளிடம் பேரம் பேசி ஜெயித்தவர் எவரும் இல்லை. பக்கத்துக் கடை முயல் செங்கோடனுடையது. முள்ளங்கி விற்பான். யாராவது முறைத்துப் பார்த்தால் அவர்கள் கேட்பதற்கு முன்பே விலையைக் குறைத்துவிடுவான். "ஏந்தம்பி, நீ விக்கறயா, தானம் பண்றயா?" என்று பாவாயி திட்டாத செவ்வாய்க்கிழமை கிடையாது.

இப்படி இருக்கையில், காட்டின் சிங்கராஜா பக்கத்துக் காட்டுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனார். அங்கே ஒரு வளாகம் இருந்தது. கம்பளத்தில் சாய்ந்துகொண்டு தின்னலாம், தின்னும்போது எதிரே யாராவது பாடுவார்கள். ராஜா வீடு திரும்பி மூன்று வேளை சாப்பிடாமல் படுத்துவிட்டார். "எனக்கும் ஒன்று வேண்டும்" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை.

உடனே வந்து சேர்ந்தான் நரி நவநீதன். வெளிக்காட்டில் படித்தவன். தொழில் கேட்டால் "ஆலோசனை" என்பான். அவன் சந்தையின் நடுவில் ஒரு பெரிய படத்தை விரித்துப் பிடித்தான். படத்தில் இலுப்பை மரங்களைச் சுற்றி விளக்கு எரிந்தது, ஓடை நீரூற்றாகிப் பீய்ச்சியது, முன்பின் பார்த்தறியாத விலங்குகள் கையில் கோப்பையோடு சிரித்துக்கொண்டு நடந்தன. மேலே 'ஓடைக்கரை உணவு மற்றும் பண்பாட்டு வளாகம்' என்று எழுதியிருந்தது.

பாவாயி படத்தை மேலும் கீழும் பார்த்தாள். "ஏனுங்க, இதுல நான் எங்கீங்க இருக்கேன்?"

நரி ஒரு சிறிய பழுப்புப் புள்ளியைக் காட்டினான். "இதோ, நடுநாயகமாக."

புள்ளியைச் சுற்றி வெள்ளையாக, வட்டமாக ஏதோ இருந்தது. குளம் போலிருக்கிறது என்று பாவாயி நினைத்துக்கொண்டாள்.

"பழைய வியாபாரிகளுக்கு இடம் உண்டுங்களா?" என்று செங்கோடன் பயந்து பயந்து கேட்டான்.

"உங்களுக்குத்தான் முன்னுரிமை! எல்லோரையும் எடுத்துக்கொள்வோம். ஒருவரையும் வெளியே விடமாட்டோம்" என்றான் நரி. சந்தையே கைதட்டியது.

மறுவாரம் சந்தையைச் சுற்றித் தகரம் அடித்தார்கள். எல்லைக் கல்லைப் பிடுங்கி ராஜாவுக்குக் கால் வைக்கப் பலகையாகப் போட்டார்கள். வாசலில் இரண்டு சன்னல்கள் திறந்தன. ஒன்றின் மேல் 'உணவு' என்றும் மற்றதன் மேல் 'பண்பாடு' என்றும் எழுதியிருந்தது. நாம் தினையும் முள்ளங்கியும் விற்பவர்கள், நமக்கு உணவுதானே என்று எல்லோரும் உணவு வரிசையில் போய் நின்றார்கள். பண்பாட்டுச் சன்னலில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

உணவுச் சன்னலில் ஒரு கீரி உட்கார்ந்திருந்தது. செங்கோடன் முறை வந்ததும், நிமிர்ந்து பார்க்காமலே, "வறுவலா, குழம்பா?" என்றது.

கடையின் வகையைக் கேட்கிறார்கள் என்று செங்கோடன் எண்ணினான். "எதுன்னாலும் சரிங்க. இடம் கிடைச்சாப் போதுமுங்க."

"இப்படி ஒத்துழைத்தால் எங்களுக்கு எவ்வளவு வேலை மிச்சம்!" என்று கீரி நெகிழ்ந்துபோய், அவன் கழுத்தில் ஒரு அட்டையை மாட்டி, கையில் ஒரு பெரிய கேரட்டையும் கொடுத்தது. அடுத்து பாவாயி. கீரி சன்னல் வழியாகக் கையை நீட்டி அவள் தொடையை அமுக்கிப் பார்த்து, "கொஞ்சம் ஒல்லி. மிளகு தூக்கலாகப் போட்டால் சரியாகிவிடும்" என்று முணுமுணுத்தது.

பாவாயி காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். படத்தில் பார்த்தது குளம் இல்லை, தட்டு என்று அப்போதுதான் விளங்கியது.

"தம்பி, ஓடியாடா!" என்று செங்கோடன் காதைப் பிடித்து இழுத்தாள். "இது கடை குடுக்கிற வரிசை இல்லடா. நம்மளைத் திங்கற வரிசை!"

செங்கோடன் கேரட்டைக் கடித்துக்கொண்டே பக்கத்துச் சன்னலைப் பார்த்தான். "அக்கா, வெடியால இருந்து நின்னு அட்டை வாங்கியிருக்கேன். அங்க போனா மறுபடி முதல்ல இருந்து நிக்கோணுங்களே."

"அங்க ஆளே இல்லடா!"

"ஆளே இல்லாத இடத்துல என்னுங்க அக்கா நல்லது இருக்கப் போகுது?"

பின்னால் நின்ற சேவல், "பேசறவங்க ஓரமாப் போய்ப் பேசுங்க, வரிசையை மறிக்காதீங்க" என்று கத்தியது. கூட்டம் பாவாயியை வெளியே தள்ளியது. செங்கோடனை உள்ளே தள்ளியது.

பண்பாட்டுச் சன்னலில் மயில் தலைமையில் தேர்வுக் குழு உட்கார்ந்திருந்தது. விஷயம் தெரிந்த சிலர் அதற்குள் அங்கே வந்துவிட்டார்கள். பன்றி சேற்றில் புரண்டு காட்டி, 'மண்சார் கலை' என்று தேர்வானது. அறிவிப்புப் பலகையை மென்று தின்ற வெள்ளாட்டை விமர்சகராக எடுத்துக்கொண்டார்கள்.

"உன் கலை என்ன?" என்றது மயில்.

பாவாயிக்கு ஆடத் தெரியாது. பாடினால் அவளுக்கே பிடிக்காது. "யோசிச்சுச் சொல்றேனுங்க. கொஞ்ச நேரம் குடுங்க."

"மூன்று நிமிடம் தரலாம்."

"மூணா? கட்டுப்படியாகாதுங்க. அஞ்சு குடுங்க."

"முடியாது. மூன்றுதான்."

"என்னுங்க சாமி, காலங்காத்தால முதல் போணி. மூணுன்னு வாயில வருதா உங்களுக்கு? தோகையைப் பார்த்தா தாராள மனசுன்னு நெனச்சேன். சரி, உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். நாலு."

"சரி, நாலு" என்றது மயில். சொன்ன பிறகுதான், தான் இறங்கி வந்தது அதற்கே தெரிந்தது. குழு முழுவதும் எழுந்து நின்றது. மயிலின் கண் கலங்கியது. "இதுதான்! இதுதான் அழிந்துகொண்டிருக்கும் நிகழ்த்துகலை! மரபுவழி விலைபேசல்!"

சந்தையை மூடியதே நீங்கள்தானே என்று கேட்கப் பாவாயிக்கு நாக்கு துறுதுறுத்தது. தொடையை நினைத்து அடக்கிக்கொண்டாள். தோளில் 'வாழும் மரபு' என்று எழுதிய பட்டுத் துண்டு ஒன்றைப் போட்டார்கள்.

கலைஞர்களுக்குத் துண்டு உண்டு, சோறு கிடையாது. ஒத்திகைக்கு ஒத்திகை பாவாயி இளைத்தாள். உணவுப் பிரிவிலோ உபசாரம் பலமாக இருந்தது. செங்கோடனுக்குக் குளிர்ச்சியான அறை, வேளை தவறாமல் கேரட், எண்ணெய்க் குளியல். கீரிகூட அவனை "ஐயா" என்றது. இரண்டு பிரிவுக்கும் நடுவே இருந்த வேலிக்கு இந்தப் பக்கம் பாவாயியைக் கண்டால் அவன் உச்சுக் கொட்டுவான். "பண்பாட்டுப் பக்கம் போகாதீங்கன்னு நான் அப்பவே சொன்னேனுங்களே அக்கா."

திறப்பு விழா நண்பகல் விருந்தோடு வந்தது. ராஜா, ராணி, பக்கத்துக் காட்டு விருந்தாளிகள் எல்லோரும் கம்பளத்தில் சாய்ந்திருந்தார்கள். முதல் இலை வந்தது. அதன் நடுவில், சுற்றிலும் வெங்காயமும் எலுமிச்சையும் அடுக்கி, செங்கோடனை உட்கார வைத்திருந்தார்கள். அப்போதும் அவன் முதல் மரியாதை தனக்கே என்று நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தான். யாரோ அவன் தலையில் கொஞ்சம் உப்பைத் தூவினார்கள். செங்கோடன் அண்ணாந்து பார்த்தான். பிறகு மெதுவாகத் திரும்பி மேடையைப் பார்த்தான்.

"அக்கா" என்றான். அவ்வளவுதான் வந்தது குரல்.

பாவாயி மேடையில் நின்றாள். இல்லாத சரக்குக்குச் சும்மா விலை பேசிக் காட்டுவதுதான் அவளுடைய நிகழ்ச்சி. சந்தையில் விற்காத சரக்கு விற்பவருக்கே சொந்தம், அதை அவரே வீட்டுக்குக் கொண்டுபோகலாம். இது ஒன்றுதான் அவள் நினைவுக்கு வந்தது.

"பொய்யா விக்கற பழக்கம் எனக்கு இல்லீங்க" என்றாள் உரக்க. "நெஜமாச் சரக்கு வேணும், நெஜமா வாங்க ஆள் வேணும். சரக்கு அந்த முயல். வாங்கறது ராஜா."

ராஜா பிறந்ததிலிருந்து எதையும் வாங்கியதில்லை, எடுத்துத்தான் பழக்கம். அவருக்கு ஆசை பொங்கியது. எழுந்து வந்தார். "முயல் என்ன விலை?"

பாவாயி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "வாங்கற முகமாத் தெரியலீங்களே. சும்மா வெலை கேக்கறதுன்னா அடுத்த கடைக்குப் போங்க."

விருந்தாளிகள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். ராஜாவின் பிடரி சிலிர்த்தது. "வாங்கத்தான் வந்திருக்கிறேன்! சொல்!"

"இந்தச் சந்தைத் தரை மொத்தமும். ஓடைக்கரையில இருந்து அந்தத் தகரம் வரைக்கும். ஒரு அடி குறையாது."

ராஜா கோபித்துக்கொண்டு போய்விடுவார், முயலைக் கூட்டிக்கொண்டு ஓடிவிடலாம் என்பது அவள் கணக்கு.

"ஒரு முயலுக்கு ஒரு சந்தையா? அநியாயம்! பாதி தருகிறேன்."

"பாதி வெலைக்குப் பாதி முயல்தானுங்க வரும். காது இருக்கிற பாதி தரமாட்டேன்."

"அக்கா!" என்று அலறினான் செங்கோடன்.

ராணி அங்கிருந்து, "கிளம்புகிற மாதிரி போங்க, கூப்பிடுவாள்" என்று எடுத்துக் கொடுத்தாள். ராஜா திரும்பி நடந்தார். ஓரடி, ஈரடி. பாவாயி வேண்டிக்கொண்டிருந்தது இதைத்தான். போகட்டும், போகட்டும் என்று நெஞ்சு சொல்லிற்று. ஆனால் வந்த கிராக்கியை வெறுங்கையோடு அனுப்பிப் பழகாத வாய், நெஞ்சைக் கேட்காமல் திறந்துகொண்டது.

"அட, வாங்க சாமி! கோவிச்சுக்கிட்டுப் போனா எப்படீங்க? கடைசியா ஒரு வெலை சொல்லுங்க!"

சொல்லிவிட்டு இரண்டு இறக்கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ராஜா துள்ளிக்கொண்டு திரும்பி வந்தார்.

"கூப்பிட்டுவிட்டாய்! அப்படியென்றால் நான் ஜெயித்துவிட்டேன், இல்லையா?"

"ஆமாங்க" என்றாள் பாவாயி, செத்த குரலில்.

"ஜெயித்தவன் கஞ்சத்தனம் செய்யலாமா? சந்தை முழுவதையும் எடுத்துக்கொள். முயலைக் கொடு."

வியாபாரம் முடிந்துவிட்டது. சொன்ன விலைக்கு ஒப்புக்கொண்டவருக்குச் சரக்கை இல்லை என்று சொல்லும் சாமர்த்தியம் பாவாயியின் பரம்பரையில் யாருக்கும் இருந்ததில்லை. இலையோடு செங்கோடனை நகர்த்திக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கொசுறு கேளுங்க, கொசுறு!" என்றாள் ராணி. "கொசுறு இல்லாமல் எந்த ஊரில் சந்தை?"

"ஆமாம், கொசுறு எங்கே?" என்றார் ராஜா.

அந்த நேரம் பார்த்து நரி நவநீதன் மேடையில் பாய்ந்து ஏறினான். அவனுடைய வளாகம் அல்லவா ஒரு முயலுக்குக் கைமாறிக்கொண்டிருந்தது! "அரசே, இந்தப் பேரம் செல்லாது! நிலத்தைக் கொடுக்கத் திட்டத்தில் இடமே இல்லை. நீங்கள் என்னிடம் ஒரு வார்த்தை..." என்று சொல்லிக்கொண்டே பாவாயிக்கும் ராஜாவுக்கும் நடுவில் வந்து நின்றான்.

பாவாயி அதிகம் யோசிக்கவில்லை. கைக்கு எட்டியதைத்தானே கொசுறு போடுவார்கள்.

"இந்தாங்க, இதை வெச்சுக்கங்க" என்றாள்.

கொசுறை வீடுவரை யாரும் கொண்டுபோவதில்லை. நின்ற இடத்திலேயே வாயில் போட்டுக்கொள்வதுதான் உலக வழக்கம். ராஜாவும் அப்படியே செய்தார். "அரசே, இது பண்பாடு அல்ல!" என்பதுதான் நவநீதன் தந்த கடைசி ஆலோசனை. விருந்தாளிகள் எழுந்து நின்று கைதட்டினார்கள். முடிவு சற்று உப்புக் குறைவு என்று வெள்ளாடு மட்டும் விமர்சித்தது.

பிறகு ராஜா முயலை நோக்கித் திரும்பினார். வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"என்ன யோசனை? சாப்பிடுங்க" என்றாள் ராணி.

"இவ்வளவு விலை கொடுத்து வாங்கியதை எப்படிச் சாப்பிடுவது? சாப்பிட்டால் தீர்ந்துபோய்விடுமே!"

ஒரு விருந்தாளி ஆசையாகச் செங்கோடனின் வாலைத் தொடப் போனார். "கையை எடும்! இதன் விலை தெரியுமா உமக்கு?" என்று ராஜா கர்ஜித்தார். அன்றே கண்ணாடிப் பெட்டி ஒன்று செய்து, பட்டு மெத்தை போட்டு, செங்கோடனை உள்ளே வைத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார். முயலுக்குத் தூசி படக் கூடாதென்று தனியாக ஒரு கரடியையும் நியமித்தார்.

சந்தை பாவாயியின் கைக்கு வந்தது. தகரத்தைப் பிரித்தாள், எல்லைக் கல்லைத் திரும்ப நட்டாள். அடுத்த செவ்வாய்க்கிழமை கடை முடித்துவிட்டு, மனசு கேட்காமல், மன்னிப்புக் கேட்கலாம் என்று செங்கோடனைப் பார்க்கப் போனாள்.

"தம்பி, உன்னை வித்துப்போட்டேனேடா."

செங்கோடன் மெத்தையில் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவன் முகத்தில் வருத்தம் கொஞ்சமும் இல்லை. "என்னைவிட அதிக விலைக்கு இந்தக் காட்டுல எதாச்சும் வித்திருக்குதுங்களா அக்கா?"

"இல்லடா."

"நெஜமாவா?"

"நெஜமாத்தான்."

செங்கோடன் கண்ணை மூடிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கிப்போனான். பாவாயி சிறிது நேரம் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தாள். பிறகு சந்தைக்குத் திரும்பிப் போய், சாமை விலையை இரண்டு மடங்காக்கினாள்.

நீதி: விலை போன முயல் மெத்தையில் தூங்கும், சும்மா வந்த நரி வயிற்றில் தூங்கும். ஆகவே பிள்ளைகளே, நல்லவர்களாக இருப்பதும் இல்லாததும் உங்கள் விருப்பம்; மலிவாக மட்டும் இருந்துவிடாதீர்கள்.