பிரேக் வாத்தியார் வாங்கிய தூண்டில்

"எந்த மீனுக்கு சார்?"

"தண்ணியில இருக்கிற மீனுக்கு," என்றார் வாத்தியார்.

கடைக்குள் காலை வைக்கும்போதே அவருக்குக் கோபம். வாசலில் எவனோ இரண்டு வண்டி நிற்கிற இடத்தில் தன் ஒற்றை வண்டியைக் குறுக்கே போட்டுவிட்டுப் போயிருந்தான். அந்த எவனையும், அவனுக்கு லைசென்ஸ் கொடுத்தவனையும் வாசலில் நின்றே ஐந்து நிமிடம் திட்டித் தீர்த்துவிட்டு உள்ளே வந்தால், சுவர் முழுக்கத் தூண்டில் கம்புகள். நூறாவது இருக்கும். எல்லாம் கறுப்பு, எல்லாம் நீளம். கல்லாவில் இருந்த பெண் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஒரு தூண்டில் வாங்க வந்தவனை என்னன்னு கேக்க இங்க ஆளே கிடையாதா?" என்று அவர் போட்ட சத்தத்தில்தான், ரப்பர் புழுக்கள் தொங்கிய அலமாரிப் பக்கமிருந்து கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் வந்தார். நாற்பது வயதிருக்கும். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். மூச்சை நன்றாக இழுத்து விட்டார். அதற்குப் பிறகுதான் எந்த மீனுக்கு என்று கேட்டார்.

"பாஸ் மீனுக்கு. ஏரியில பிடிக்கிறாங்களே, அதுக்கு. சீக்கிரம் எடுத்துக் குடுங்க, எனக்கு வேலை இருக்கு."

வாத்தியாருக்கு வேலை, கார் ஓட்டச் சொல்லித்தருவது. இருபத்திரண்டு வருடமாக இடது பக்க சீட்டில் உட்கார்ந்து "பிரேக், பிரேக்" என்று கத்திக் கத்தி, அவருக்கு ஊரில் பிரேக் வாத்தியார் என்றே பெயர். அவரிடம் படித்தவர்கள் நன்றாகவே ஓட்டினார்கள். ஆனால் ஒருத்தரும் திரும்பி வந்து வணக்கம் சொன்னதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் சொந்த மகளுக்குச் சொல்லித்தர ஆரம்பித்தார். மூன்றாம் நாள், நாலு முனைச் சந்திப்பில் அவர் கத்திய கத்தலில் அவள் வண்டியை நடுரோட்டில் நிறுத்தினாள். சாவியை உருவி அவர் மடியில் போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தே போய்விட்டாள். பிறகு வேறு பள்ளியில் சேர்ந்து கற்றுக்கொண்டாள். அன்றிலிருந்து அப்பாவோடு எந்த வண்டியிலும் ஏறுவதில்லை. கேட்டதற்குப் பதில், அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது.

அப்படிப்பட்டவள் போன வாரம் தானாக வந்து நின்றாள். "ஞாயித்துக்கிழமை ஏரிக்கு மீன் பிடிக்கப் போறேன்பா. வேணும்னா நீங்களும் வாங்க. ஆனா தூண்டில் ராடு, நரம்பு எல்லாம் உங்களுதா இருக்கணும், என்னுதைத் தொடக்கூடாது. அப்புறம், அங்க கத்தக்கூடாது. கத்தினா மீன் ஓடிடும். நானும் ஓடிடுவேன்."

எந்த மாதிரி ராடு என்று அவளிடமே கேட்டிருக்கலாம். அப்பா என்கிற கௌரவம் தடுத்தது.

"செடி கொடி உள்ள ஏரியா சார், தெளிஞ்ச தண்ணியா?" என்றார் கட்டச் சட்டைக்காரர்.

"நான் என்ன ஏரிக்குள்ளயா குடியிருக்கேன்?"

"சரிங்க சார். வளைஞ்சு குடுக்கிற கம்பு வேணுமா, விறைப்பா இருக்கணுமா?"

"மீன் பிடிக்கிற கம்பு வேணும்."

"நரம்புலயும் மூணு வகை இருக்கு சார். நைலான் இழுத்தா கொஞ்சம் நீளும். பின்னல் நூல் நீளாது, ஆனா தண்ணியில மீன் கண்ணுக்குத் தெரிஞ்சிடும். மூணாவது வகை மீன் கண்ணுக்குத் தெரியாது, ஆனா முறுக்கிக்கும்."

"எங்க வீட்டம்மா கணக்கா பேசுறியேய்யா. எதைச் சொன்னாலும் பின்னாடியே ஒரு ஆனா."

கடைசியில் விறைப்பான கம்பு ஒன்று, அதன் முதுகில் உட்கார்ந்து நரம்பைச் சுற்றுகிற ரீல் ஒன்று, நைலான் நரம்பு என்று ஆயிற்று. கட்டச் சட்டைக்காரர் கதவு வரைக்கும் வந்து வழியனுப்பினார்.

சாயங்காலம் குடியிருப்பின் பின்பக்கம், வண்டிகள் நிறுத்துகிற இடத்தில் வாத்தியார் பழக ஆரம்பித்தார். நரம்பு நுனியில் ஈயக்குண்டைக் கட்டி ஓங்கி வீசினார். குண்டு நாலடி தள்ளி விழுந்தது. ரீல் மட்டும் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. குனிந்து பார்த்தால், ரீலுக்குள் நரம்பு சிக்கி ஒரு காக்கைக் கூடு.

பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னங்க அது, தலைமுடியா?"

வாத்தியார் ரீலைப் பார்த்துக் கத்தினார். அதைச் செய்தவனை, விற்றவனை, நைலானைக் கண்டுபிடித்தவனை எல்லாம் திட்டினார். பக்கத்துக் கட்டடத்தில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. சிக்கெடுக்கச் சிக்கெடுக்க அது இன்னும் இறுகியது. கடைசியில் கத்தரிக்கோலால் வெட்டி எறிந்தார்.

மறுநாள் காலையில் முதல் ஆளாகக் கடைக்குப் போனார். கட்டச் சட்டைக்காரர் இல்லை. கல்லாப் பெண், "கொஞ்சம் உக்காருங்க சார், வந்துடுவாரு," என்றாள். பத்து நிமிடத்தில் வந்துவிட்டார், லேசாக மூச்சு வாங்கியபடி.

"கட்டை விரல் வைக்கலையா சார்?"

"எங்க?"

"ரீல் மேல. குண்டு கீழ விழப்போகும்போது உருளையை லேசா அழுத்தணும். கார்ல பிரேக் போடுற மாதிரிதான்."

வாத்தியாருக்குக் காது மடல் வரை சிவந்தது. "பிரேக்கைப் பத்தி நீ எனக்குச் சொல்லித்தர்றியா? இருபத்திரண்டு வருஷம்யா. இந்த ஊர்ல பாதிப் பேர் உயிரோட நடமாடுறதே என் காலால. அழுத்தணும்னு நேத்தே சொல்றதுக்கு உன் வாயில என்ன, கொழுக்கட்டையா?"

கட்டச் சட்டைக்காரர் கண்ணை மூடித் திறந்தார். "உங்க கோபம் நியாயமானதுதான் சார்."

அது வாத்தியாரை ரொம்பவே சோதித்துவிட்டது. அவர் கத்தினால் ஒன்று எதிராளி கத்துவான், இல்லையென்றால் அழுவான். இரண்டும் செய்யாத ஒருத்தரை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. ஆகவே இன்னும் கொஞ்சம் கத்தினார்.

"விரல் வைக்கிறது சிரமம்னா, கம்புக்கு அடியில தொங்குற ரீல் இருக்கு சார். அதுல இந்தச் சிக்கலே வராது. பின்னல் நூல் போட்டுக்குங்க," என்றார் அவர்.

வாத்தியார் ரீலையும் நூலையும் மட்டும் மாற்றி வாங்கிக்கொண்டு போனார். நிஜமான தூண்டில் முள்ளோடு பழகினால்தான் கை வரும் என்று அன்றைக்கு முள்ளையும் கட்டிக்கொண்டார். வீசினார். நூல் வளையம் வளையமாகக் கிளம்பி, கம்பில் நூல் நுழைந்து போகிற சின்னச் சின்னக் கண்ணிகளில் படபடவென்று அடித்துக்கொண்டு பக்கவாட்டில் பாய்ந்தது. மேல் வீட்டுக்காரர் கொடியில் போட்டிருந்த போர்வையில் போய் மாட்டியது. இவர் இழுக்க, மேல் வீட்டுக்காரர் மாடியிலிருந்து இழுக்க, போர்வை யார் பக்கமும் சேராமல் நடுவில் கிழிந்தது.

மூன்றாம் நாளும் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டியிருந்தது. கட்டச் சட்டைக்காரர் கம்பைக் கையில் வாங்கிப் பார்த்தார். "இது ரீல் மேல உக்காருறதுக்குன்னு செஞ்ச கம்பு சார். அடியில தொங்குற ரீலுக்குக் கண்ணியெல்லாம் பெருசா இருக்கணும். கம்பையும் மாத்தியிருக்கணும்."

"இதை ஏன் நேத்து சொல்லல?"

"நீங்க கேக்கல சார்."

அன்றைக்கு வாத்தியார் கால் மணி நேரம் கத்தினார். போர்வையில் ஆரம்பித்து, மேல் வீட்டுக்காரரின் பரம்பரைக்குப் போய், சாலையில் போடுகிற வேகத்தடைகள் வரை வந்து முடித்தார். கட்டச் சட்டைக்காரரின் நெற்றியில் ஒரு நரம்பு புடைத்தது. உதடுகள் மட்டும் மெதுவாக அசைந்தன, எதையோ எண்ணுகிற மாதிரி. கடைசியில், "தண்ணி குடிக்கிறீங்களா சார்?" என்றார்.

வாத்தியார் வாங்கிக் குடித்துவிட்டு, இன்னொரு ஐந்து நிமிடம் கத்தினார்.

அன்று மதியம் பயிற்சிக்கு வந்த பல் டாக்டரம்மா மூன்றாம் கியருக்குப் பதிலாக முதல் கியரைப் போட்டு வண்டியை உலுக்கி எடுத்தார். பக்கத்து சீட்டிலிருந்து சத்தமே வரவில்லை. டாக்டரம்மா பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தார். வாத்தியார் வெளியே வெறித்துக்கொண்டு, "நீங்க கேக்கலையாம், நீங்க கேக்கலையாம்," என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம், மாற்றி வாங்கி வந்த புதுக் கம்பு நன்றாக வீசியது. நாற்பதடிக்கு அப்பால் குண்டு விழுந்தபோது வாத்தியார் நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தார். பார்க்க யாருமில்லை. மனைவியைக் கீழே கூப்பிட்டார்.

"நூலைப் பிடிச்சுக்கோ. நீதான் மீன். நல்லா இழு."

மனைவி இழுத்தாள். இவர் ரீலைச் சுற்றினார். கைப்பிடி சுற்றியது, நூல் அசையவில்லை. ரீல் மேலே சுற்றியிருந்த அத்தனை பின்னலும் மொத்தமாக வழுக்கிக்கொண்டு கழன்றது. மீன் பாட்டுக்கு நடந்துபோய் கேட்டைத் தாண்டிவிட்டது.

"நான் இப்படியே கடைக்குப் போயிட்டு வந்துடவா?" என்று தெருவிலிருந்து கேட்டாள்.

வாத்தியார் கம்பைத் தூக்கித் தரையில் போட்டுக் கத்தத் தொடங்கினார். மனைவி நூலைச் சுருட்டிக்கொண்டே திரும்பி வந்து எதிரில் நின்றாள். அவளும் கோபமாகத்தான் இருந்தாள். ஆனால் அவள் கோபத்துக்குச் சத்தம் கிடையாது.

"ரெண்டு வருஷமா உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் தபால்காரி வேலை பாக்குறேன். அவ கூப்பிட்டதே பெருசு. ஏரியில போய் இப்படி ஒரு தடவை கத்தினீங்க, அப்புறம் இந்தப் பொண்ணு உங்களை எதுக்குமே கூப்பிட மாட்டா. மீன் கிடைக்கலைன்னா ஒண்ணும் குறைஞ்சுபோயிடாது. அதை மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க."

சனிக்கிழமை. கட்டச் சட்டைக்காரர் ரீலைத் தட்டிப் பார்த்தார். "பின்னல் நூலை நேரா சுத்தினா வழுக்கும் சார். அடியில கொஞ்சம் நைலானைச் சுத்திட்டு, அதோட முடிச்சுப் போட்டு மேல பின்னலைச் சுத்தணும். அப்பதான் பிடிக்கும்."

ஏன் நேற்றே சொல்லவில்லை என்று கேட்க வாத்தியார் வாயைத் திறந்தார். காற்றுத்தான் வந்தது. நாலு நாளில் தொண்டை கட்டிப்போயிருந்தது. அங்கிருந்த ஒரு கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்தார்.

"நாளைக்கு என் பொண்ணு கூப்பிட்டிருக்கா," என்றார் கீச்சுக் குரலில். "ரெண்டு வருஷம் ஆச்சு, அவ என்னைக் கூப்பிட்டு. அதுக்குத்தான் இந்த எழவெல்லாம்."

கட்டச் சட்டைக்காரர் எதிரில் உட்கார்ந்து, நைலானைச் சுற்றி, இரண்டு நூலையும் இணைத்து முடிச்சுப் போட்டு, இழுத்துப் பார்த்து, தானே முழுவதையும் சுற்றிக் கொடுத்தார். கட்டை விரல் எங்கே, ஆள்காட்டி விரல் எங்கே, எப்போது நூலை விட வேண்டும் என்று நிதானமாகச் சொல்லித்தந்தார். வாத்தியார் தன் வாழ்க்கையில் முதல் முறையாக ஒருத்தர் சொல்லித்தருவதைக் குறுக்கே பேசாமல் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏரிக்கரையில் மகள் அவருடைய கம்பை வாங்கி வளைத்துப் பார்த்தாள், ரீலைச் சுற்றிப் பார்த்தாள். "நல்லாத்தான் பார்த்து வாங்கியிருக்கீங்க," என்றாள். யாரைக் கேட்டு வாங்கினீர்கள் என்று அவள் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

பத்து மணி வாக்கில் அவருடைய நூல் வெடுக்கென்று இழுத்தது. கம்பு வில்லாக வளைந்தது. பச்சை முதுகோடு ஒரு முழ நீளத்துக்கு மீன் ஒன்று தண்ணீருக்கு மேலே எகிறிவிட்டு விழுந்தது. அவர் சுற்ற, நூலும் வழுக்காமல் வந்துகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து மகள் அவசரமாகத் தன் தூண்டிலை இழுக்க, இரண்டு நூலும் குறுக்கே பின்னிக்கொண்டன. மீன் ஒரே உதறலில் முள்ளைத் துப்பிவிட்டுப் போய்விட்டது.

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். தோள்கள் தாமாக இறுகின. சாவியை மடியில் போட்ட அன்றும் அவள் அப்படித்தான் இருந்தாள்.

வாத்தியார் வாயைத் திறந்தார். தொண்டை காலையிலேயே சரியாகியிருந்தது. ஆனால் உள்ளே துழாவிப் பார்த்தால், கத்துவதற்கு ஒன்றுமே இல்லை. நாலு நாளில் எல்லாவற்றையும் அந்தக் கடையில் கொட்டித் தீர்த்திருந்தார்.

"போனாப் போகுது, விடும்மா. அந்தப் பக்கம் பிடி, சிக்கெடுப்போம்."

மகள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். வீடு திரும்பும்போது தன் காரின் இடது பக்கக் கதவைத் திறந்துவிட்டு, "ஏறுங்கப்பா," என்றாள். இரண்டு திருப்பங்களில் அவள் சிக்னல் போட மறந்தாள். வாத்தியார் இரண்டு தடவையும் ஜன்னல் வழியாக மரங்களைப் பார்த்தார். வலது கால் மட்டும், இல்லாத பிரேக்கை ஒருமுறை மிதித்துப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தது.

வீட்டு வாசலில் இறக்கிவிடும்போது, "அடுத்த வாரமும் வாங்க," என்றாள்.

திங்கட்கிழமை வாத்தியார் ஒரு பிஸ்கட் டப்பாவோடு கடைக்குப் போனார். கட்டச் சட்டைக்காரரைக் காணோம்.

"அந்தத் தம்பி எங்கம்மா?" என்று கல்லாப் பெண்ணிடம் கேட்டார். "அவர்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். நான் பேசுன பேச்சுக்கு வேற யாரா இருந்தாலும் இந்தக் கம்பாலயே என்னை அடிச்சிருப்பான். இப்படிப் பொறுமைசாலி ஒருத்தர் வேலைக்குக் கிடைச்சது உங்க முதலாளி செஞ்ச புண்ணியம்."

"அவரு எங்க கடை ஆளில்லையே சார்," என்றாள் அவள். "பக்கத்துத் தெரு பேங்க்ல வேலை பாக்குறாரு. கோபம் வந்தா கையில கிடைச்சதைப் போட்டு உடைச்சிடுவாராம். நல்லாக் கத்துற ஆளா ஒருத்தரைப் பிடிச்சு, கோபப்படாமப் பேசிப் பழகுங்கன்னு டாக்டர் சொல்லியிருந்தாராம். அன்னிக்கு ஏதோ வாங்க வந்தவரு, நீங்க வாசல்ல போட்ட சத்தத்தைக் கேட்டுட்டு, அப்படியே நின்னுட்டாரு. நீங்க எப்ப வந்தாலும் ஃபோன் பண்ணுங்கன்னு எனக்கு நம்பர் குடுத்தாரு."

வாத்தியார் பிஸ்கட் டப்பாவைக் கல்லா மேல் வைத்தார்.

"அப்ப அந்த ரீலு, கம்பு, நூல் வழுக்குறது, இதெல்லாம் அவருக்கு முதல் நாளே தெரியுமா?"

"தெரியாம என்ன சார், பதினஞ்சு வருஷமா பாஸ் மீன் பிடிக்கிறவரு," என்றாள் அவள். "ஒரே நாள்ல எல்லாத்தையும் சொல்லிட்டா நீங்க மறுபடி வரமாட்டீங்களே."