கதிரைத் தளபதியும் ஒற்றை டெலிபோன் லைனும்

கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஆட்கள் டெலிபோன் பேச வரும் கம்யூனிகேஷன் கடை வைத்திருந்த மர்சூக்குக்கு இருபது வருடமாக ஆறாத மனத்தாங்கல் ஒன்று உண்டு. அது கதிரைத் தளபதி என்ற இனத்தைப் பற்றியது. நீங்களும் கண்டிருப்பீர்கள். துவக்கைத் தொட்டுச் சுட்டிராது. ஆனால் எந்தப் படை எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது அதற்குத்தான் தெரியும். சண்டை நடந்தது வடக்கே. நடத்தியது கண்டியில், கதிரையில் சாய்ந்தபடி, ஒரு பிளேன்டீயோடு.

மர்சூக்குக்கு வாய்த்தவர் தியாகராஜா, இளைப்பாறிய தபால் கந்தோர் கிளாக்கர். தினமும் மூன்று மணிக்குக் கடையின் ஒரே கம்ப்யூட்டர் முன் அமர்ந்து, இனி மனிதனை மட்டும் நம்பி யுத்தம் செய்ய முடியாது, முன்னே ரோபோ, பின்னே காலாட்படை, மேலே ஆளில்லா விமானம், அத்தனைக்கும் கட்டளை ஒரே கம்ப்யூட்டரிலிருந்து என்று, ஸ்டேப்ளரைக் கவச வாகனமாக்கி, கோப்பையைக் குளமாக்கி விளக்குவார். தொடர்பு அறுந்தால் படை செத்தது என்பார். இதைச் சொல்லாத நாளில்லை.

அந்த நாளில் இன்டர்நெட்டும் டெலிபோனும் ஒரே வயர். ஒன்று ஓடினால் மற்றது அடிக்காது.

ஒரு வெள்ளிக்கிழமை நல்லம்மா என்றொரு தாய் வந்து கடையின் மர வாங்கில் அமர்ந்தார். வவுனியாவில் நின்ற மகன் கண்டிக்கு வரப் பயண அனுமதிப் பாஸ் கேட்டிருந்தான். தாயின் பொலிஸ் பதிவு நம்பரை, பாஸ் கந்தோர் பூட்டும் நாலரைக்குள் அவன் அங்கே கொடுக்க வேண்டும். நாலு மணிக்கு அவன் இந்தக் கடைக்குக் கோல் எடுப்பதாக ஏற்பாடு. நம்பர் எழுதிய துண்டு அவர் கையில்.

நாலு மணிக்குத் தளபதி வெளிநாட்டு ரோபோ ஒன்றின் படத்தை இறக்கிக்கொண்டிருந்தார். அது மேலிருந்து கோடு கோடாக வந்தது. தலை வந்தது. கழுத்து வந்தது.

"சேர், லைன வெட்டுவமா? அந்த அம்மாக்குக் கோல் ஒண்டு வர இரிக்கி."

"ஓம் ஓம், ரெண்டு நிமிசம். இப்ப வெட்டினா திரும்பத் தலையிலயிருந்து வரோணும்."

நாலேகாலுக்குத் தோள் வந்தது.

"தம்பி, உந்தப் படம் இப்ப முடியுமே?" என்றார் நல்லம்மா மர்சூக்கிடம்.

மர்சூக் கம்ப்யூட்டர் வயரைப் பிடுங்கியபோது நாலு முப்பத்தெட்டு. உடனே மணி அடித்தது. மகன்தான். பதினொரு தரம் எடுத்தானாம். கந்தோர் பூட்டியாயிற்று, இனி அடுத்த மாதம். நல்லம்மா துண்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினார்.

தியாகராஜாவில்தான் பிழை என்பார் மர்சூக். சரி. நாலேகாலிலிருந்து நாலு முப்பத்தெட்டு வரை இவர் எங்கே நின்றார்? தளபதியின் தோளுக்கு மேலால் குனிந்து நின்றார். படம் இடுப்பு வரை வந்துவிட்டதே, கீழே உருள்வது சில்லா, டாங்கிச் சங்கிலியா என்று பார்க்க. இந்த இனம் கதிரை இல்லாமலும் உயிர் வாழும்.

வாசிக்கிறவரே, உங்களுக்கு இப்போது எது தெரிய வேண்டும்? மகன் பிறகு வந்து சேர்ந்தானா என்பதா, சில்லா சங்கிலியா என்பதா? பதிலை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

தியாகராஜா எதையும் ஒளிக்கவில்லை. நல்லம்மா தெருவைக் கடப்பதற்குள் கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டு சொன்னார்:

"மர்சூக், வயரைத் திரும்பக் கொழுவும். ரோபோவின்ர காலை இன்னும் பாக்கேல்லை."